பழைய எண் 6, புதிய எண் 7: மடிக்கணினி ஏன் விழிக்கவில்லை?

தமிழ்நாட்டின் எத்தனையோ தெருக்களில் வீட்டு வாசலில் இரண்டு எண்கள் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று 'பழைய எண்'; மற்றொன்று 'புதிய எண்'. தெருவின் நடுவே புது வீடுகள் எழும்பியதும் எண்களைத் திருத்தி எழுதினார்கள். ஆறாம் எண் வீடு ஏழாம் எண் ஆயிற்று. வீடு நகரவில்லை, அதில் குடியிருப்பவர் மாறவில்லை, கூடத்தில் தொங்கும் படங்கள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் பழைய எண்ணை மட்டும் எழுதிய கடிதத்தோடு ஒரு புதிய தபால்காரர் வந்தால் என்ன ஆகும்? ஆறாம் எண்ணின் கதவைத் தட்டுவார். யாரோ ஒருவர் வந்து, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பார். கடிதம் திரும்பிப் போய்விடும்.

வீட்டு எண்ணில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு மடிக்கணினியை இயக்கும்போது அதற்குள் இப்படித்தான் ஒரு தபால்காரர் கடிதத்தோடு புறப்படுகிறார். அவர் வழி தவறினால், கணிப்பொறியில் ஓர் எழுத்துகூட அழியாமல் இருந்தும் திரை கறுப்பாகவே நின்றுவிடும்.

கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் தம் இளைய மகளோடு என் வீட்டுக்கு வந்தார். அவள் பதினோராம் வகுப்பு மாணவி. கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு மடிக்கணினி. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 2012-இல் அவளுடைய அக்காவுக்குக் கிடைத்தது அது. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011-இல், அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் வழங்கிய கணிப்பொறிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. 'பாஸ்' என்பது நம் நாட்டிலேயே, சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 2007-இல் வெளிவந்த லினக்ஸ் வகை. கணிப்பொறியை இயக்கியதும் ஒரு பட்டியல் தோன்றும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அந்த மாதம் ஒரு பரபரப்பு இருந்தது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறிக்கொள்ள ஓராண்டுக் காலம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கெடு 2016 ஜூலை 29-ஆம் நாள் முடிகிறது. மாணவியும் அவசரம் அவசரமாக மேம்படுத்தினாள். இரண்டு நாள் நன்றாக ஓடியது போலிருந்தது. அதன் பின் இயக்கியபோது பட்டியலைக் காணோம். கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் இரண்டே வரிகள்: 'எரர்: அன்நோன் ஃபைல்சிஸ்டம்'. கீழே, 'கிரப் ரெஸ்கியூ'. அதற்குப் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு சிறு கோடு.

"கடையில காட்டினோம் சார். எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் போடணும்னு சொல்றாங்க" என்றாள் அவள்.

"அழிச்சா என்னம்மா போகும்?" என்று கேட்டேன்.

பதில் சொன்னவர் தந்தை. "எங்க அப்பா கட்டக் காகிதத்துல வரைஞ்ச கரை மாதிரியெல்லாம் அதுலதான் இருக்குங்க ஐயா. காகிதம் கரையான் அரிச்சுப் போச்சு. போறதுக்கு முன்னால இந்தப் பொண்ணு படம் பிடிச்சு அதுல வச்சிருந்தா."

ஜக்கார்டு தறியில் ஒரு கரையை நெய்வதற்கு முன்னால், அந்த உருவத்தைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் துளையிடுவார்கள். அன்னமும் யாளியும் உருத்திராட்சமும் அந்தத் தாளில்தான் முதலில் பிறக்கின்றன. தாத்தாவின் தாள்கள் போயின; மிஞ்சியது அந்த மடிக்கணினியில் உள்ள படங்கள் மட்டுமே. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்பது அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் போவது என்ன என்று பாருங்கள்.

எனக்கு இதில் ஒரு பழைய வடு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணிப்பொறியிலும் இதே வகைச் செய்தி வந்தபோது, அதைப் படிக்காமலே வன்தட்டை அழித்தவன் நான். எட்டு ஆண்டுப் பாடக் குறிப்புகள் அதில் இருந்தன. அவை கெட்டுப்போகவே இல்லை என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. ஆகவே இந்த முறை விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, திரையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டேன்.

இழையோடு இழை

அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, விசையை அழுத்தியதும் உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளர் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிடுவதில்லை. பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே விட்டுவைப்பார். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழை ஒன்றின் நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்த பின் மெல்ல இழுத்தால், பழைய இழை புதிய இழையை விழுதின் வழியாகவும் அச்சின் வழியாகவும் கூட்டிச் செல்லும். பழையது இல்லாவிட்டால் புதியது உள்ளே வர வழி தெரியாது.

கணிப்பொறியும் இப்படி ஒன்றை ஒன்று கூட்டி வரும் ஏற்பாட்டில்தான் எழுகிறது. விசையை அழுத்தும் நொடியில் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறது; மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும் நினைவகம் அது. இயங்குதளமோ வன்தட்டில் உறங்குகிறது. வன்தட்டிலிருந்து படிப்பதற்கு ஒரு நிரல் வேண்டும்; அந்த நிரலும் வன்தட்டில்தான் இருக்கிறது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. இந்தச் சிக்கலை அவிழ்க்க, தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லை வைத்து, மின்சாரம் இல்லாவிட்டாலும் மறக்காத ஒரு நிரலை அதில் எழுதியிருக்கிறார்கள். அதன் பழைய வகைக்குப் பயாஸ் என்று பெயர். செயலி விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான்.

பயாஸ் முதலில் நினைவகம், விசைப்பலகை, திரை, வன்தட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். பிறகு வன்தட்டின் முதல் துண்டை மட்டும் படிக்கும். அந்தத் துண்டின் அளவு 512 பைட். கடைசி 2 பைட் ஓர் அடையாள முத்திரை. அந்த முத்திரையின் எண்கள் 85-உம் 170-உம். இரும எண்முறையில் எழுதினால் 01010101, 10101010. ஒன்று மேலே, ஒன்று கீழே. அடுத்த வரிசையில் அதற்கு நேர்மாறு. சாதா நெசவின் இரண்டு வரிசை போலவே இல்லை? இது தற்செயல்தான், ஆனால் இதைக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எழுதும்போது என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மீதி 510 பைட்டில் 64 பைட் பாகங்களின் அட்டவணை. வன்தட்டு எத்தனை பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற விவரம் அதில் இருக்கும். எஞ்சியது 446 பைட். அடுத்தவரை எழுப்பும் நிரல் அந்த 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூனிகோடு முறையில் கோப்பில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை என்பதை நினைத்துப் பாருங்கள். 446 பைட்டில் 148 குறியீடுகள் எழுதலாம். இந்த ஒரு பத்திகூட அதில் முழுதாக அடங்காது.

அவ்வளவு சிறிய இடத்தில் பெரிய அறிவை வைக்க முடியாது. ஆகவே முதல் நிரலுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது. மாணவியின் மடிக்கணினியில் அந்த வேலையைச் செய்தது கிரப் என்ற தொடக்க நிரல். கிரப்பின் முதல் துண்டு, அதற்கு அடுத்த இடைவெளியில் இருக்கும் இரண்டாம் துண்டை எழுப்பும். இரண்டாம் துண்டு சற்றுப் பெரியது. அதன் கையில் ஒரு கடிதம் உண்டு: "இந்த வன்தட்டின் 6-ஆம் பாகத்துக்குப் போ. அங்கே பூட் என்ற கோப்புறையில் கிரப் என்ற கோப்புறை இருக்கிறது. மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்." பட்டியல், வண்ணப் படம், விண்டோஸையும் லினக்ஸையும் எழுப்பும் கட்டளைகள் எல்லாம் அந்த ஆறாம் பாகத்தில் இருந்தன.

நம் தபால்காரர் இவர்தான்.

நடுவில் முளைத்த வீடு

இனி மேம்படுத்தலின்போது என்ன நடந்தது என்று பார்ப்போம். விண்டோஸ் 10 வரும்போது, பின்னாளில் தனக்குக் கோளாறு வந்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள ஒரு மீட்புப் பாகம் வேண்டும் என்று கருதுகிறது. பழைய இடம் போதவில்லையானால், தன் பெரிய பாகத்தின் ஓரத்தைச் சற்றுச் சுருக்கி, சுமார் 450 மெகாபைட் அளவில் ஒரு புதுப் பாகத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. பக்கத்து வீட்டில் லினக்ஸ் குடியிருப்பதை அது கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பு பார்த்த 64 பைட் அட்டவணையில் நான்கு பாகங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒன்றுக்கு 16 பைட், நான்குக்கு 64. நான்குக்கு மேல் வேண்டுமானால், அவற்றில் ஒன்றை ஒரு பெரிய வளாகமாக வைத்துக்கொண்டு அதற்குள் உட்பாகங்களை அமைக்க வேண்டும். உட்பாகங்களின் எண் எப்போதும் 5-இல் தொடங்கும். ஆனால் அந்த எண்களை எந்தக் கதவிலும் எழுதிவைக்கவில்லை. ஓர் உட்பாகத்தில், அடுத்தது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கணிப்பொறி ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு சென்று 5, 6, 7 என்று எண்ணிக்கொள்கிறது. வரிசையின் நடுவே புதிதாக ஒன்று முளைத்தால், அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் தாமாகவே ஓர் எண் தள்ளிப்போகும்.

மாணவியின் வன்தட்டில் அதுதான் நேர்ந்தது. லினக்ஸ் இருந்த பழைய எண் 6, புதிய எண் 7. ஆறாம் எண்ணில் இப்போது விண்டோஸின் மீட்புப் பாகம் குடிவந்துவிட்டது. கிரப்பின் கடிதத்திலோ '6' என்றே எழுதியிருந்தது. தபால்காரர் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர் பேசிய மொழி அவருக்குப் புரியவில்லை. விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை வேறு, லினக்ஸ் அடுக்கும் முறை வேறு என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' என்று எழுதிவிட்டு நின்றார். அதாவது 'இந்தக் கோப்பு முறையை நான் அறியேன்' என்று பொருள். வன்தட்டு செத்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. படங்கள் போய்விட்டன என்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் இரண்டாம் வரியில் 'ரெஸ்கியூ', அதாவது 'மீட்பு', என்று எழுதிவிட்டு, "நீங்கள் வழி சொன்னால் போகிறேன்" என்று காத்துக்கொண்டிருந்தார்.

கேட்டால் பதில் சொல்லும்

முதலில் மடிக்கணினியில் செருகியிருந்த பென் டிரைவைக் கழற்றினேன். எளிய காரணங்களை முதலில் விலக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து எழ முயன்று திகைத்து நிற்கும் கணிப்பொறிகளும் உண்டு. மின்கம்பியைச் செருகிவைத்தேன். நான்கு வயதான மின்கலத்தை நம்பி இந்த வேலையில் இறங்கக்கூடாது. மறுபடி இயக்கியபோதும் அதே செய்தி.

பிறகு 'எல்', 'எஸ்' என்ற இரண்டே ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டச் சொன்னேன். 'இருப்பதையெல்லாம் பட்டியலிடு' என்பது அதன் பொருள். வன்தட்டின் பெயரும், அதன் பாகங்களின் எண்களும் ஒரு வரியில் வந்து விழுந்தன. மாணவியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ஒளி வந்தது. செத்த வன்தட்டு இப்படி விடை சொல்லாது அல்லவா?

அடுத்து ஒவ்வொரு பாகத்தின் கதவாகத் தட்டினோம். 'எல் எஸ்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, அடைப்புக்குள் பாகத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஐந்து: தெரியாத முறை. ஆறு: தெரியாத முறை. ஏழு என்று கேட்டதும், லினக்ஸின் கோப்பு முறையான 'எக்ஸ்ட்2' என்று விடை வந்தது. ஏழாம் எண்ணின் பெயரோடு ஒரு சாய்கோடும் சேர்த்துக் கேட்டபோது பூட், ஹோம் முதலிய கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. "எங்க தாத்தா படம் அந்த ஹோம்லதான் சார் இருக்கு" என்றாள் அவள்.

இனி நான்கே கட்டளைகள். முதல் இரண்டும் 'செட்' என்று தொடங்கும். கடிதத்தில் உள்ள முகவரியைத் திருத்துபவை. 'பிரீஃபிக்ஸ்' என்ற பெயருக்கு நேராக ஏழாம் பாகத்தின் கிரப் கோப்புறையையும், 'ரூட்' என்ற பெயருக்கு நேராக ஏழாம் பாகத்தையும் கொடுத்தோம். மூன்றாவது, 'நார்மல்' என்ற துணை நிரலை உள்ளே கொண்டு வா என்ற கட்டளை. நான்காவது, 'நார்மல்' என்ற ஒரே சொல். அதைத் தட்டியதும் திரை மாறியது. காணாமற்போன பட்டியல் பழைய வண்ணத்தோடு வந்து நின்றது.

இங்கே பலர் ஒரு தவறு செய்வார்கள். வேலை முடிந்தது என்று மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை மறுபடி கறுப்புத் திரை! நாம் திருத்தியது நினைவகத்தில் இருந்த முகவரியைத்தான்; வன்தட்டில் எழுதியிருப்பது இன்னமும் பழைய 6. ஆகவே லினக்ஸுக்குள் சென்று, கிரப்பை வன்தட்டில் மறுபடி பதிக்கும் கட்டளையையும், பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பாக நாங்கள் செய்தது வேறொரு வேலை. தாத்தாவின் படங்களைப் பென் டிரைவில் நகலெடுத்தோம். நெசவாளர் ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டச் சொன்னார். சிலவற்றை விரலால் தொட்டு, அது எந்தக் கரை, எந்த ஆண்டு நெய்தது என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிரப் அரை மணி நேரம் காத்திருந்தது.

எந்த இடத்தில் இழை அறுந்தது?

உங்கள் வீட்டு மடிக்கணினியில் இதே செய்திதான் வரும் என்பதில்லை. ஆனால் எந்தச் செய்தி வந்தாலும், 'யார் எழுப்பப்பட்டார், யார் எழவில்லை' என்று கேட்டுப் பார்த்தால் கோளாறின் இடம் தெரிந்துவிடும்.

விசையை அழுத்தியும் விளக்கே எரியவில்லை, அல்லது விட்டு விட்டுக் கூவும் ஒலி மட்டும் கேட்கிறது என்றால், பயாஸின் முதல் சுற்றே முடியவில்லை. இங்கே இயங்குதளத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. மின்சாரமோ நினைவகச் சில்லோ காரணமாக இருக்கலாம். 'தொடங்கத்தக்க சாதனம் இல்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், பயாஸ் எழுந்துவிட்டது. ஆனால் எழுப்பத்தக்க எதையும் அது காணவில்லை. பயாஸ் அமைப்பில் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வரிசை மாறியிருக்கலாம். தெரியாவிட்டால்தான் வன்தட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். 'பூட்மேனேஜர் காணவில்லை' என்ற செய்தி, விண்டோஸின் சொந்தத் தபால்காரர் வழி தவறியதைக் காட்டுகிறது. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து எழுப்பி, அதிலுள்ள 'கணிப்பொறியைப் பழுதுபார்' என்ற வழியில் சென்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'நிறுவு' என்ற வழியில் போகாதீர்கள். இரண்டும் ஒரே திரையில் அருகருகே இருக்கும்.

விண்டோஸின் சின்னம் தோன்றி, புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, அதன் பின் திரை நீலமானால் கதை வேறு. அங்கே இயங்குதளத்தின் உட்கரு எழுந்துவிட்டது. அது எழுப்பிய ஏதோ ஓர் இயக்கி, அதாவது வன்தட்டையோ திரையையோ இயக்கும் சிறு நிரல், புதிய பதிப்புக்கு ஒத்துவரவில்லை. இதற்குத்தான் 'பாதுகாப்பு நிலை' என்ற ஏற்பாடு இருக்கிறது. இன்றியமையாத இயக்கிகளை மட்டும் எழுப்பி, மற்றவற்றை உறங்கவிடும் நிலை அது. அந்த நிலையில் கணிப்பொறி எழுந்தால், கோளாறு எழுப்பாமல் விட்டவற்றில் ஒன்றில் இருக்கிறது என்று அறியலாம்.

2024 ஜூலை 19-ஆம் நாள் இந்தப் பாதுகாப்பு நிலைதான் உலகத்தின் உதவிக்கு வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையில் நின்றன. இந்தியாவின் விமான நிலையங்களில்கூடச் சில பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணிப்பொறிகளில் மருந்து என்ன தெரியுமா? பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டு, மறுபடி இயக்குவது. ஆனால் எழாத கணிப்பொறிக்குத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்ப முடியாதே! ஆகவே ஆட்கள் ஒவ்வொரு கணிப்பொறிக்கு முன்னாலும் போய் நிற்க வேண்டியதாயிற்று.

எண்ணுக்குப் பதில் பெயர்

பழைய எண், புதிய எண் குழப்பத்துக்கு இன்றைய கணிப்பொறிகளில் இடம் குறைவு. பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ என்ற ஏற்பாடு பிடித்துவிட்டது. 446 பைட் நெருக்கடி அதில் இல்லை. தொடக்க நிரல்களுக்கென்றே ஒரு சிறு பாகத்தை ஒதுக்கி, அவற்றைச் சாதாரணக் கோப்புகளாகப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். பாகங்களுக்கும் வரிசை எண்ணோடு, மாறாத நீண்ட அடையாள எண் ஒன்று தரப்படுகிறது. தெரு எப்படி மாறினாலும் ஆதார் எண் மாறாதது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிக்கல் போனால் புதியது வராமல் இருக்குமா? பெரிய மேம்படுத்தலுக்குப் பின் எழுப்பும் வரிசையில் விண்டோஸ் முதலிடத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. லினக்ஸ் காணாமற்போனது போலத் தோன்றும். யூஇஎஃப்ஐ அமைப்பில் வரிசையை மாற்றினால் திரும்பி வரும். இன்னொன்று கையொப்பச் சோதனை. நம்பத்தகுந்தவர் கையொப்பமிட்ட தொடக்க நிரலை மட்டும் எழுப்பும் காவல் அது. 2024 ஆகஸ்ட் 13-இல் வெளிவந்த ஒரு விண்டோஸ் புதுப்பித்தல், பாதுகாப்புக் குறை உள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடைசெய்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருந்த சில கணிப்பொறிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. அங்கும் கோப்புகள் அழியவில்லை; வாசலில் நின்ற காவலர் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதைப் பற்றி மட்டும் உங்களை உறுதியாக எச்சரிக்க வேண்டும். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ அமைப்பில் மாற்றம் கண்டால், விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நான் மேலே சொன்ன 'எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும்' என்ற ஆறுதல் இங்கே செல்லாது. அந்த எண்ணை மேம்படுத்துவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதி, மடிக்கணினிப் பை அல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். கூடவே பாகங்களின் எண்களையும் அளவுகளையும் எழுதிவையுங்கள். மேம்படுத்தல் நடக்கும்போது திரை பல நிமிடங்கள் கறுப்பாக இருப்பதும், கணிப்பொறி தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழுவதும் இயல்பு. பொறுமை இழந்து விசையை அழுத்திப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் பாதி இழைகள்தான் பிணைக்கப்பட்டிருக்கும்.

செய்து பாருங்கள்

ஆறு காலித் தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மேல் 1, 2 என்று எழுதுங்கள். இவை முதன்மைப் பாகங்கள். மற்ற நான்கின் மேல் எதுவும் எழுதக்கூடாது. மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் 'அடுத்த பெட்டி வலப்பக்கம்' என்று ஒரு துண்டுச் சீட்டைப் போடுங்கள். கடைசிப் பெட்டியில் 'அடுத்தது இல்லை' என்று எழுதுங்கள். இந்த நான்கும் 5, 6, 7, 8-ஆம் உட்பாகங்கள். ஏழாவதில் ஒரு பட்டு நூலை வையுங்கள், அதுதான் லினக்ஸ். ஒரு தாளில் '7' என்று எழுதி நண்பர் கையில் கொடுத்து, சீட்டுகளைப் படித்தபடியே எண்ணிச் சென்று நூலை எடுத்துவரச் சொல்லுங்கள். எடுத்துவந்துவிடுவார்.

நூலை அதே பெட்டியில் வைத்துவிட்டு, இம்முறை புதுப் பெட்டி எதையும் நுழைக்காமல், உட்பாகங்களின் முதல் பெட்டியை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். அவர் கையில் உள்ள தாளில் இன்னமும் '7' தான் இருக்கிறது. அவர் வந்து 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' என்பாரா, அல்லது 'அந்த எண்ணில் பாகமே இல்லை' என்பாரா? கடைசிப் பெட்டியும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கிரப்பில் இந்த இரண்டு செய்திகளும் தனித்தனியாக உண்டு. பெட்டிகளை நகர்த்திப் பார்த்துவிட்டு விடையை எழுதுங்கள்.